மார்லிங்டன் சுவர்களில் முளைத்தவை

மார்லிங்டன் ஊரின் சுவர்கள் உண்மை பேசத் தொடங்கியது ஒரு ஏப்ரல் மாத வியாழக்கிழமை, சந்தை மணி எட்டு அடித்து ஓய்ந்த கையோடு. அன்றைக்கு மழை தூறிக்கொண்டிருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அந்த ஊர்க்காரர்களிடம் அந்த நாளைப் பற்றிக் கேட்டால் இன்றைக்கும் முதலில் மழையைத்தான் சொல்வார்கள், பிறகு மழைக்குப் பின் வந்த வெயிலைச் சொல்வார்கள், சுவருக்கு வந்து சேர்வதற்குள் அவர்களுக்கு எங்கேயோ போக நேரமாகிவிடும்.

எழுநூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் அந்த வழியாக வேட்டைக்குப் போன ஒரு ராஜா சேற்றில் விழுந்து நனைந்து, ஒரு கம்பளி வியாபாரியின் வீட்டில் காலுறை மாற்றிக்கொண்டு, காலுறையின் கதகதப்பில் மனம் இளகி, வியாழக்கிழமைதோறும் இங்கே நீங்கள் சந்தை கூட்டிக்கொள்ளலாம் என்று ஆட்டுத்தோலில் பட்டயம் எழுதிக் கொடுத்தார். அப்படித்தான் இங்கிலாந்தின் நடுவயிற்றில் ஒரு சந்தை வந்தது, சந்தையைச் சுற்றி ஊர் வந்தது, கம்பளி விற்ற காசில் தேவாலயம் எழும்பியது, கம்பளி விலை இறங்கிய வருஷம் அதன் கோபுரம் பாதியில் நின்றது, இன்றைக்கும் பாதியில்தான் நிற்கிறது. உள்நாட்டுப் போர் வந்தபோது ஊர் காலையில் ராஜா பக்கமும் மாலையில் பாராளுமன்றத்தின் பக்கமும் நின்று இரண்டு படைக்கும் ரொட்டி விற்றது. ரயில் வந்தது, ஆனால் மூன்று மைல் தள்ளிப் போனது. மாட்டுச்சந்தை கூடிய மைதானம் சூப்பர்மார்க்கெட்டின் கார் நிறுத்துமிடமாகிவிட்டது, தானிய மண்டபத்தில் யோகா வகுப்பு நடக்கிறது. ஆனாலும் வியாழக்கிழமை எட்டு மணிக்கு மணி அடிக்கிறது, மணி அடிக்கும்வரை ஒரு முட்டைக்கோஸ்கூடக் கைமாறுவதில்லை, சதுக்கத்தின் நடுவில் ஆறு படிகளுக்கு மேல் நிற்கும் கல்தூணை, அதன் உச்சியில் இருந்த சிலுவை எப்போதோ உடைந்து விழுந்துவிட்டபோதிலும், எல்லோரும் சந்தைச் சிலுவை என்றே சொல்கிறார்கள்.

இவ்வளவு வரலாற்றையும் ஊர் நீல நிற வட்டத் தகடுகளில் எழுதிச் சுவர்களில் பதித்திருந்தது. இந்தச் சத்திரத்தில் ஒரு தளபதி ஓர் இரவு தங்கினார். இந்த வீட்டில் பார்லிக்கு வரும் பூஞ்சையைப் பற்றி எழுதியவர் பிறந்தார். தகடு இல்லாத வீட்டுக்காரர்களுக்குக் கொஞ்சம் மனக்குறைதான், ஆனால் அதை வெளியே சொல்லிக்கொள்ள மாட்டார்கள். மார்லிங்டன்காரர்கள் எதையும் வெளியே சொல்லிக்கொள்ள மாட்டார்கள். காலை மிதித்தால் மிதிபட்டவர் சாரி சொல்வார், மிதித்தவரும் சாரி சொல்வார், அதோடு இருவரும் ஜென்மத்துக்கும் பேசாமல் இருப்பார்கள்.

அந்த ஏப்ரல் வியாழக்கிழமை, சதுக்கத்தின் ஓரத்தில் செய்தித்தாளும் பாலும் தபால்தலையும் விற்கும் கடையின் ஷட்டரை ஏற்றிக்கொண்டிருந்த நாகபூஷணிதான் முதல் தகட்டைப் பார்த்தாள். கோண்டாவிலில் பிறந்து, கலியாணமாகி, சண்டைக்குப் பயந்து ஓடி, கொழும்பில் ஒரு வருஷமும் லண்டனில் ஒரு வருஷமும் இருந்து, முப்பது வருஷத்துக்கு முன்னால் புருஷன் சிற்றம்பலத்தோடு இந்த ஊருக்கு வந்தவள், புருஷன் போன பன்னிரண்டு வருஷமாகத் தனியாகக் கடையை நடத்துகிறவள். எதிர்ப்பக்கம் கிளைவின் இறைச்சிக்கடைச் சுவரில் செங்கல் கொஞ்சம் புடைத்தது, புடைத்த இடம் நீலமானது, நீலத்தில் வெள்ளை எழுத்துகள் ஒவ்வொன்றாகப் பால் பொங்குவது போல மேலே வந்தன. மழைக்குக் குடை பிடித்துக்கொண்டு போய் அவள் படித்தாள்.

'இந்தக் கடையில் 1986 முதல் இன்றுவரை உறையவைத்த வெளிநாட்டு ஆட்டிறைச்சி, உள்ளூர் ஆட்டிறைச்சி என்று சொல்லி விற்கப்படுகிறது.'

எழுத்தின் அளவு, எல்லைக்கோடு, ஊர்ச் சங்கத்தின் சின்னம், எல்லாம் பழைய தகடுகளில் இருந்தது போலவே கச்சிதமாக இருந்தன. கோபமோ குற்றச்சாட்டோ எதுவும் அதில் இல்லை. தளபதி தங்கியதைச் சொன்ன அதே குரலில் அது ஆட்டிறைச்சியைச் சொன்னது.

அடுத்த வியாழக்கிழமை மணி அடித்தபோது ஏழு தகடுகள் முளைத்தன, அதற்கடுத்த வாரம் பத்தொன்பது. பாதிரியாரின் வீட்டு வாசலில், 'இங்கே வாழ்பவர் பதினொரு வருஷமாகக் கடவுளை நம்பாமல் பிரசங்கம் செய்கிறார், பிரசங்கங்கள் நன்றாகவே இருக்கின்றன' என்று வந்தது. ஓய்வுபெற்ற பாங்க் மானேஜரின் வீட்டில், 'இந்தக் கணவனும் மனைவியும் பத்தொன்பது வருஷமாக நாயின் மூலமாகவே பேசிக்கொள்கிறார்கள்' என்று வந்தது. பழைய கட்டடங்களும் சும்மா இருக்கவில்லை. நகர வாசலின் வளைவில், கொள்ளைநோய் வந்த 1349-இல் பக்கத்துக் கிராமத்தார் பதினேழு பேர் இங்கே நின்று கதவைத் தட்டினார்கள், கதவு திறக்கப்படவில்லை என்று வந்தது. ஊர் பெருமையாகக் காட்டும் முதியோர் விடுதியின் சுவரில், இதன் ஒவ்வொரு கல்லும் சர்க்கரையால் வந்தது, சர்க்கரை கரும்புத்தோட்டத்து அடிமைகள் நூற்றுப் பதினாறு பேரால் வந்தது, அவர்களின் பெயர்களை யாரும் எழுதி வைக்கவில்லை என்று வந்தது.

ஏன் முளைத்தது, எப்படி முளைத்தது என்று மார்லிங்டனில் ஒருவரும் கேட்கவில்லை. அப்படிக் கேட்பது அடுத்த வீட்டுக்காரரின் சம்பளத்தைக் கேட்பது மாதிரி. இதற்கு யாரிடம் புகார் எழுதுவது என்பதுதான் அவர்களுடைய கேள்வி. நகரசபைக்கு எழுதினார்கள், இது எங்கள் தகடு இல்லை என்று பதில் வந்தது. கிளைவ் உளியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினான். அதற்குள் புராதனக் கட்டடங்களைக் கவனிக்கும் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வந்து, சதுக்கத்தைச் சுற்றியுள்ள கட்டடங்கள் எல்லாமே பாதுகாக்கப்பட்டவை, பாதுகாக்கப்பட்ட சுவரிலிருந்து முளைத்த தகடு சுவரின் பாகமாகவே கருதப்படும், அதை அகற்றுவதோ சுரண்டுவதோ வர்ணம் பூசுவதோ சட்டப்படி குற்றம் என்று மிகவும் வருத்தத்தோடு சொல்லிவிட்டு, ஒரு தேநீர் குடித்துவிட்டுப் போனாள். கிளைவ் ஏணியிலிருந்து இறங்கினான்.

வழி கண்டுபிடித்தவர் மிஸஸ் ஹார்ட்நெல். ஊர்ச் சங்கத்துக்கும் மலர்க் குழுவுக்கும் இருபத்தைந்து வருஷமாக அவர்தான் தலைவி. வெள்ளை முடியும் பச்சை மழைக்கோட்டும், எவரையும் நோகடிக்காத குரலும், அந்தக் குரலை மீறி எவரும் எதுவும் செய்துவிட முடியாத ஒரு பக்குவமும் உள்ளவர். அந்த நாட்டில் ஊர்களுக்கிடையே மலர்ப் போட்டி நடக்கும், ஜூலையில் நடுவர்கள் வந்து எந்த ஊர் அழகாகப் பூத்திருக்கிறது என்று பார்ப்பார்கள், மார்லிங்டன் பதினாறு வருஷமாக இரண்டாம் பரிசிலேயே நின்றிருந்தது. ஒவ்வொரு தகட்டுக்கும் மேலே ஒரு கொக்கி, கொக்கியில் ஒரு பூக்கூடை, கூடை நிறையத் தொங்கும் பெட்டூனியா. சுவரைத் தொடவில்லை, சட்டத்தை மீறவில்லை, ஊருக்கும் அழகு. பிறர் கூடையை விலக்கிப் பார்ப்பது அநாகரிகம் என்று யாரும் சட்டம் போடவில்லை. எல்லோருக்கும் அது தானாகவே தெரிந்திருந்தது.

அதிலும் ஒரு நுணுக்கம் வைத்தார்கள். நூறு வருஷத்துக்கு முந்திய செய்தி உள்ள தகடுகளுக்குக் கூடை வேண்டாம் என்று தீர்மானம் ஆனது. கதவு திறக்காத வாசலையும் சர்க்கரை விடுதியையும் பார்க்கப் பஸ்ஸில் ஆட்கள் வரத் தொடங்கியிருந்தார்கள், முன்னால் நின்று உதட்டைப் பிதுக்கி, தலையை ஆட்டி, படம் எடுத்துக்கொண்டு, பிறகு கேக் சாப்பிடப் போனார்கள். நூறு வருஷம் ஆன பாவம் வரலாறு, ஆகாத பாவம் மரியாதைக்கேடு. வயிற்றெரிச்சலில் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள், தீர்மானப் புத்தகத்தில் இதைவிட நல்ல ஆங்கிலத்தில் இதுதான் எழுதியிருக்கிறது.

நாகபூஷணியின் கடைச் சுவரிலும் ஒன்று முளைத்தது. 'இங்கே மூன்று தடவை பிஸ்கட் பாக்கெட்டுகளின் தேதி ஸ்டிக்கர் மாற்றி ஒட்டப்பட்டது.' மிஸஸ் ஹார்ட்நெல் தானே கூடையைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"இலவசம்தான், மிஸஸ் சிட்," என்றார். சிற்றம்பலம் என்ற பெயர் ஊரின் வாயில் நுழையாததால் அவன் சிட் ஆகி, அவள் மிஸஸ் சிட் ஆகியிருந்தாள்.

"வேண்டாம். செய்தேன்தானே. இருக்கட்டும்," என்றாள் நாகபூஷணி.

மிஸஸ் ஹார்ட்நெல் தலையைச் சாய்த்துச் சிரித்துக்கொண்டு கூடையைத் திருப்பி எடுத்துப் போனார். ஊர் முழுக்கப் பூவாகத் தொங்கியபோது அந்த ஒரு கடை மட்டும் மொட்டையாக நின்றது. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது, ஏன் இருக்கக் கூடாது?

ஆனால் அவள் பார்த்துக்கொண்டிருந்தது தன் கடைச் சுவரை அல்ல. வியாழக்கிழமைதோறும் மணி அடிக்கும்போது அவள் வாசலில் நின்று சந்தைச் சிலுவையைத்தான் பார்த்தாள். அதன் மூன்றாவது படியில்தான் அவளுடைய புருஷன் செத்துப்போயிருந்தான்.

மே மாதத்தின் கடைசி வியாழக்கிழமை மார்லிங்டனில் பட்டய நாள். அன்றைக்கு ஊர்க்காரர்கள் பழைய காலத்து மனிதர்களாக வேஷம் கட்டி, ஒருவர் காலுறைக்காரராக, ஒருவர் ராஜாவாக, ஒருத்தி நூல் நூற்பவளாக, சதுக்கத்தில் அங்கங்கே காலை எட்டு மணியிலிருந்து மதியம் பன்னிரண்டு வரை சிலை போல அசையாமல் உட்கார்ந்திருப்பார்கள். சந்தைக்கு வருகிறவர்கள் ஒவ்வொரு சிலைக்கும் காலை வணக்கம் சொல்லிவிட்டுப் போக வேண்டும், சிலை பதில் சொல்லக் கூடாது, சிலையை அசைக்கவோ சிரிக்க வைக்கவோ முயல்வது பெரிய அவமரியாதை. கடைசிவரை அசையாதவருக்குச் சிவப்பு ரிப்பன். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், பதினெட்டு வருஷம் ஊருக்குச் செய்தித்தாள் விற்ற சிற்றம்பலத்தை முதல் தடவையாகக் கூப்பிட்டு, கிழக்கிலிருந்து வந்த வாசனைத் திரவிய வியாபாரியாக உட்கார முடியுமா என்று கேட்டார்கள்.

"தலைப்பாகை கட்டி, கறுவாப்பட்டை மூட்டைக்குப் பக்கத்தில உங்களைக் குந்த வைக்கப் போகினம். உங்களுக்கு ரோசமில்லையோ?" என்று அன்றைக்கு அவள் கத்தினாள்.

"இஞ்சரும், பதினெட்டு வருசமா வாசல்லயே நிக்கிறம். இப்பதான் உள்ளுக்கு வா எண்டு கூப்பிட்டிருக்கினம்," என்று அவன் சொன்னான்.

"இதுக்குப் பேர் உள்ளுக்குக் கூப்பிடுறதோ?"

இரண்டு நாள் அவள் அவனோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவன் மஞ்சள் தலைப்பாகையைத் தானே கண்ணாடி பார்த்துக் கட்டிக்கொண்டு போனான். பன்னிரண்டு மணிக்கு மிஸஸ் ஹார்ட்நெல், கடைசிவரை அசையாத சிலைக்கு, கைதட்டலுக்கு நடுவே ரிப்பனைக் குத்தப் போனபோதுதான் தெரிந்தது.

இப்போது சற்று முன்னால்தான், ஒரே நொடியில் போயிருப்பார், வலியே தெரிந்திருக்காது என்று அவளிடம் எல்லோரும் சொன்னார்கள். மிஸஸ் ஹார்ட்நெல் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார், கிளைவ் தொப்பியைக் கழற்றிக்கொண்டு சொன்னான். அப்போது பதினான்கு வயதாயிருந்த மகள் சாம்பவி மட்டும் அதை ஏற்றுக்கொள்ளவேயில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து ஓடிவந்து அப்பாவின் கையைத் தொட்டவள் அவள். இப்போது லீட்ஸில் ஒரு ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறாள், வருஷத்துக்கு நாலு தடவை வருவாள், வாரத்துக்கு ஒரு தடவை பேசுவாள், பேச்சு முடியும் நேரத்தில் அதே கேள்விக்கு வந்து நிற்பாள்.

"அம்மா, அந்த நேரந்தான் செத்த ஆளின்ர கை ஏன் அப்பிடிக் குளிர்ந்து கிடந்தது? நான் தொட்டனான் அம்மா."

"மழைக் குளிர் பிள்ளை."

"அண்டைக்கு மழை பெய்யேல்லை."

சுவர்கள் பேசத் தொடங்கிய பிறகு அந்தக் கேள்விக்கு ஒரு பதில் வந்துவிடும் என்ற நம்பிக்கை இரண்டு பேருக்கும் வந்தது. என்ன நடந்ததென்று தெரிந்தால் போதும், வேறொன்றும் வேண்டாம் என்று சாம்பவி சொன்னாள். தெரிஞ்ச உடனே உன்னைக் கூப்பிடுறன், ஒண்டையும் மறைக்க மாட்டன் என்று நாகபூஷணி அவளுக்கு வாக்குக் கொடுத்தாள்.

பட்டய நாளுக்குச் சரியாக ஒரு வாரம் இருக்கும்போது, வியாழக்கிழமை எட்டு மணிக்கு, சந்தைச் சிலுவையின் தூண் புடைத்தது. மற்றத் தகடுகள் சாப்பாட்டுத் தட்டின் அளவென்றால் இது வண்டிச் சக்கரத்தின் அளவு. கையில் வைத்திருந்த பால் கிரேட்டை அப்படியே கீழே வைத்துவிட்டு அவள் படியேறினாள்.

'பட்டய நாளன்று கடைக்காரர் சிற்றம்பலம் இந்தப் படியில் நெஞ்சுவலியோடு உட்கார்ந்திருந்தார். ஒன்பதே காலிலிருந்து பத்தே முக்கால்வரை அவருக்கு உயிர் இருந்தது. அந்த நேரத்தில் கீழ்க்கண்ட நாற்பத்தொரு பேர் அவருக்குக் காலை வணக்கம் சொன்னார்கள்.'

கீழே நாற்பத்தொரு பெயர்கள். முதல் பெயர் மிஸஸ் ஹார்ட்நெல்லுடையது, நான்காவது கிளைவ், இருபதாவது அந்த நம்பிக்கையில்லாத பாதிரியார். எல்லாப் பெயரும் அவளுக்குத் தெரிந்த பெயர், ஒவ்வொரு பெயருக்கும் என்ன செய்தித்தாள், என்ன சிகரெட் என்று அவளுக்குத் தெரியும். ஒன்றரை மணி நேரம். அவள் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுகை வரவில்லை, இந்த ஊரையே தூக்கிச் சாக்கடையில் போட வேண்டும் போல இருந்தது.

மாலைக்குள் கூடைகள் வந்துவிட்டன. அவள் தூணுக்கு முன்னால் கைகளை விரித்துக்கொண்டு நின்றாள். பட்டய நாள் வேறு நெருங்குகிறது, ஜூலையில் நடுவர்கள் வேறு வருகிறார்கள் என்று சொல்லி, அடுத்த நாள் தானிய மண்டபத்தில், யோகா பாய்களைச் சுருட்டி ஓரத்தில் வைத்துவிட்டு, ஊர்க்கூட்டம் போட்டார்கள். நூறு வருஷ விதிப்படி இதற்குக் கூடை போடத்தான் வேண்டும் என்று தீர்மானத்தை மிஸஸ் ஹார்ட்நெல் மெல்லிய குரலில் வாசித்தார். நாகபூஷணி எழுந்தாள். முப்பது வருஷத்தில் அவள் இந்த ஊர்க் கூட்டத்தில் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை, ஆங்கிலத்தில்தான் பேசினாள்.

"நீங்கள் நாற்பத்தொரு பேரும் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. உங்களில் ஒருவராவது கெட்டவராக இருந்திருந்தால் அவரை ஒரு தள்ளுத் தள்ளியிருப்பீர்கள். தள்ளியிருந்தால் அவர் சாய்ந்திருப்பார். சாய்ந்திருந்தால் ஆம்புலன்ஸ் வந்திருக்கும். எல்லோரும் நல்லவர்களாக இருந்தபடியால்தான் அவர் செத்தார். அது அங்கே எழுதியிருக்கிறது. எழுதினபடி இருக்கட்டும். என் மகள் வந்து படிக்க வேண்டும்."

மண்டபத்தில் ஒருவர் இருமினார். தகட்டில் பெயர் உள்ளவர்களில் உயிரோடிருந்த இருபத்தொன்பது பேரும், சம்பந்தப்பட்டவர்கள் வாக்களிப்பது முறையல்ல என்று சொல்லிக் கைகளைக் கட்டிக்கொண்டார்கள். அந்த மட்டுக்கு அவர்கள் கண்ணியமானவர்கள். மீதிப் பேர் கை தூக்கினார்கள். பதினைந்துக்கு எதிராகப் பதினேழு. சந்தைச் சிலுவைக்குக் கூடை இல்லை என்று முடிவாயிற்று.

அந்த ஒரு வாரமும் ஊர் அவளுடைய கடையைச் சுற்றிப் பூனை நடை நடந்தது. கதவடியில் யாரோ எலுமிச்சைக் கேக் வைத்துவிட்டுப் போனார்கள், யாரோ கோழிக்கறி அடைத்துச் சுட்ட பேஸ்ட்ரி வைத்துவிட்டுப் போனார்கள், உங்களை நினைத்துக்கொள்கிறோம் என்று பெயர் போடாத அட்டைகள் வந்தன. சில்லறை தவறினால் சாரி, தும்மினால் சாரி, கதவை அவர்களுக்காக அவள் பிடித்துக்கொண்டாலும் சாரி என்று சொல்கிற ஊரில், அந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் ஒரு வாய்கூட அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. நாகபூஷணி கேக்கை எடுத்துக் குப்பையில் போட்டாள். மகளுக்குப் போன் எடுத்தாள்.

"பிள்ளை, எல்லாம் வந்திட்டுது. ஒருத்தர் விடாமல் பேரும் கிடக்குது. பூக்கூடை போட்டு மூட வந்தவை, கூட்டத்தில எழும்பிக் கதைச்சு நான் விடேல்லை. நீ வியாழக்கிழமை வா. வந்து உன்ர கண்ணால படி."

மறுமுனையில் காலண்டர் புரளும் சத்தம் கேட்டது. பிறகு, "லீவு போட்டுட்டு வாறன் அம்மா. பத்தரை பஸ்ஸுக்கு வருவன்," என்றாள் சாம்பவி. "நீங்கள் ஒராளா நிண்டு சண்டை பிடிச்சிருக்கிறியள், என்ன?"

அந்த ஒரு வார்த்தைக்கு நாகபூஷணி அழுதாள். பன்னிரண்டு வருஷத்தில் மகள் அவளைப் பார்த்துப் பெருமைப்பட்டது அன்றைக்குத்தான்.

பட்டய நாள் விடிந்தது. வாடிக்கைச் சிலைகள் மணிக்கு முன்பே தத்தமது இடத்தில் உட்கார்ந்துவிட்டன, சந்தைச் சிலுவையின் படிகளை மட்டும் எல்லோரும் காலியாக விட்டிருந்தார்கள். நாகபூஷணி நீலச் சேலை கட்டி, ஒரு வாளித் தண்ணீரும் துணியும் எடுத்துக்கொண்டு, மகள் வருவதற்குள் தகட்டைத் துடைத்து வைக்கலாம் என்று படியேறினாள். மணி எட்டு அடித்தது. அவள் கையிலிருந்த ஈரத்துணிக்குக் கீழே, நாற்பத்தோராவது பெயருக்கு அடியில், கல் இன்னும் கொஞ்சம் புடைத்தது. இரண்டு வரிகள் மெதுவாக மேலே வந்தன.

'ஒன்பது இருபதுக்கு அவர் எதிரே இருந்த தன் கடையைப் பார்த்து இரண்டு தடவை கையசைத்தார். அவருடைய மனைவி அதைப் பார்த்தார், ஜன்னல் திரையை இறக்கினார்.'

இது அவளுக்குத் தெரியாத விஷயமா என்றால், இல்லை. அந்த மஞ்சள் தலைப்பாகை, அந்தக் கை, அவள் இழுத்த திரைக் கயிறு, எல்லாம் அவளுக்குத் தெரியும். பகிடிக்குக் கையைக் காட்டுகிறார், பார்த்தியா உள்ளுக்கு வந்திட்டன் என்று எனக்குப் படம் காட்டுகிறார் என்று அவள் நினைத்தாள், நினைத்து, போம் நீரும் உம்மட வேசமும் என்று வாய்விட்டுச் சொல்லி, கயிற்றை இழுத்தாள். பன்னிரண்டு மணிக்குப் பிறகு அந்தக் கையை அவள் வேறு மாதிரி நினைத்துப் பார்க்கவேயில்லை. ஒரே நொடியில் போனவர் எப்படிக் கைகாட்டிக் கூப்பிட்டிருப்பார்? அவர்கள் சொன்ன அந்தப் பொய் அவளுக்கும் வேண்டியிருந்தது, அவர்களைவிட அவளுக்குத்தான் அதிகம் வேண்டியிருந்தது. அந்த நாற்பத்தொரு பேருக்கு அவன் ஒரு சிலை. அவளுக்கு அவன் புருஷன்.

அவள் துணியால் தேய்த்தாள். அழுத்தித் தேய்த்தாள், நகத்தால் சுரண்டினாள். எழுத்து இன்னும் வெள்ளையாகிப் பளிச்சென்று நின்றது.

"காலை வணக்கம், மிஸஸ் சிட்," என்று பின்னால் குரல் கேட்டது.

பச்சை மழைக்கோட்டோடு மிஸஸ் ஹார்ட்நெல் இரண்டாவது படியில் நின்றார். அவர் படித்துவிட்டார் என்பது அவர் தகட்டைப் பார்க்காமல் மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததிலேயே தெரிந்தது.

"மத்தியானத்துக்கு மேல் வெளுத்துவிடும் என்கிறார்கள்," என்றார். கொஞ்சம் பொறுத்து, "வாக்கெடுப்பு வாக்கெடுப்புதான். நாங்கள் அதை மதிக்கிறோம். சிலுவை விஷயத்தில் உங்கள் விருப்பம் எதுவோ அதுதான்," என்றார். இன்னும் கொஞ்சம் பொறுத்து, "என் காரின் பின்னால் சும்மா கிடக்கிறது ஒரு கூடை. ஊதா நிறம்," என்றார்.

அவருடைய குரலில் கேலி இல்லை, பழிவாங்கலும் இல்லை. அதில் இருந்தது அன்புதான், அந்த ஊர்க்காரர்கள் ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்கிற அதே அன்பு. நாகபூஷணிக்கு அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பாள். கடிகாரத்தில் எட்டு இருபது. லீட்ஸிலிருந்து வரும் பஸ் இந்நேரம் பெரிய சாலையில் ஏறியிருக்கும். ஜன்னலோரம் உட்கார்ந்து, அம்மா ஒராளாக நின்று சண்டை பிடித்தாள் என்று நினைத்துக்கொண்டு வருகிறாள் பிள்ளை. வந்து படிப்பாள். நாற்பத்தொரு பெயரையும் படித்து முடித்து, அதற்குக் கீழேயும் படிப்பாள். ஒரு வரி விடமாட்டாள், சின்ன வயசிலிருந்தே அப்படித்தான்.

நாகபூஷணி துணியை வாளியில் போட்டாள்.

"பெரிய கூடையா?" என்று கேட்டாள்.

"இரண்டு இருக்கிறது," என்றார் மிஸஸ் ஹார்ட்நெல்.

கிளைவ் இறைச்சிக்கடையிலிருந்து ஏணியைக் கொண்டுவந்தான். ஏன், எதற்கு என்று அவன் கேட்கவில்லை. ராஜாவும் காலுறைக்காரரும் நூல் நூற்பவளும் சிலையாகவே இருந்தபடி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. சக்கரமளவு தகட்டை மறைக்க இரண்டு கூடையும் போதவில்லை, ஒன்பது மணிக்குள் பாதிரியாரின் மனைவி தன் வாசலில் இருந்த மூன்றாவதைக் கழற்றிக் கொடுத்தனுப்பினாள். எல்லோரும் இறங்கிப் போகும்போது மிஸஸ் ஹார்ட்நெல் அவளுடைய முழங்கையை லேசாகத் தொட்டு, "செவ்வாய்க்கிழமை மலர்க் குழு கூடுகிறது, நாகபூஷணி. நீங்கள் வந்தால் எங்களுக்குச் சந்தோஷம்," என்றார். அவளுடைய பெயர் அவருக்கு முழுசாக, ஒரு எழுத்துப் பிசகாமல் தெரிந்திருந்தது. முப்பது வருஷமும் தெரிந்திருந்ததா என்று அவள் கேட்கவில்லை.

பத்தரை பஸ் பத்தே நாற்பதுக்கு வந்தது. சாம்பவி கறுப்புக் கோட்டோடு இறங்கி, கடைக்குக்கூடப் போகாமல் நேராகச் சதுக்கத்தின் நடுவுக்கு நடந்து வந்தாள். வழியில் ஒவ்வொரு சிலைக்கும் காலை வணக்கம் சொன்னாள், அப்படித்தான் அவளைப் பள்ளிக்கூடத்தில் பழக்கியிருந்தார்கள். படிக்கட்டுக்கு வந்து நிமிர்ந்து பார்த்தாள். தூணைச் சுற்றி ஊதாவும் வெள்ளையுமாக மூன்று கூடைகள் தொங்கின, அவற்றிலிருந்து தண்ணீர் சொட்டி மூன்றாவது படியை நனைத்துக்கொண்டிருந்தது. பூக்களுக்கிடையில் நீலத்தின் ஒரு விளிம்பு கொஞ்சம்போலத் தெரிந்தது. கை நீட்டினால் எட்டும்.

"என்னம்மா இது?" என்றாள்.

நாகபூஷணி சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். காலையிலிருந்து தயார் பண்ணி வைத்திருந்த ஒரு வசனமும் வாயில் வரவில்லை, வந்தது ஒன்றே ஒன்றுதான்.

"வடிவாப் பூத்திருக்கு, என்ன?"

சாம்பவி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள், கூடையைப் பார்த்தாள், மறுபடி அம்மாவின் முகத்தை, அதிலே எழுதியிருந்ததை ஒரு வரி விடாமல் படிக்கிறவள் போல, நெடுநேரம் பார்த்தாள். பிறகு அவளுடைய கை மெல்ல மேலே போயிற்று. நாகபூஷணி கண்ணை மூடிக்கொண்டாள். என்ன இருந்தாலும் சாம்பவி பிறந்ததும் வளர்ந்ததும் மார்லிங்டனில்தான். அவள் கூடையை விலக்கவில்லை. ஓரத்தில் வாடித் தொங்கிய ஒரு பூவை மட்டும் நுனிவிரலால் கிள்ளி எடுத்து, கீழே போடாமல் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"ஓம் அம்மா, நல்ல வடிவு," என்றாள். "மழை வரப் போகுது போல. உள்ளுக்குப் போவமா?"